திருப்பூரின் அடுத்த ஆறு மாதத்தைக் கணிப்பது எப்படி?

ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு (பெரிய கம்பெனிகளின் வேலையைக் கூலிக்குச் செய்யும் யூனிட்) இன்னும் நான்கு ஓவர்லாக் மெஷின் வாங்கலாமா? லைன் வீடு (வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடும் அறைகள்) கட்ட வங்கிக் கடன் எடுக்கலாமா? பி.என். ரோட்டில் கடையைப் பெரிதாக்கலாமா? திருப்பூரில் இந்த மூன்று கேள்விக்கும் பதில் ஒன்றைப் பொறுத்தது. பனியன் கம்பெனிகளில் வரும் ஆறு மாதம் வேலை இருக்குமா என்பதுதான் அது. மளிகைக்கடை, ஆட்டோ, பள்ளிக் கட்டணம், மனை விலை எல்லாம் அதற்குப் பின்னால் நடப்பவை. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இந்த ஒரு வட்டாரத்திலிருந்து போகிறது. உள்நாட்டு வியாபாரமும் சுமார் 30,000 கோடி ரூபாய் இருக்கும் என்று தொழில் சங்கங்கள் சொல்கின்றன. ஒரே தொழிலை இவ்வளவு நம்பியிருக்கும் ஊரில் கணிப்பு தவறினால் ஒரு வருடச் சேமிப்பு போய்விடும்.

பெரும்பாலோர் செய்யும் பிழை, செய்தித்தாளில் வரும் ஏற்றுமதித் தொகையை வைத்து முடிவெடுப்பது. அந்தத் தொகை கடைசியாக வரும் கணக்கு. ஆர்டர் பேசி மூன்று நான்கு மாதம் கழித்துச் சரக்கு கப்பலேறும், அதற்குப் பிறகு ஒரு மாதம் கழித்துத்தான் புள்ளிவிவரம் வரும். ஆக, இன்று நீங்கள் படிப்பது ஐந்து மாதத்துக்கு முந்தைய திருப்பூரை. இனி நடக்கப்போவதைப் பார்க்க நூல், வரி வித்தியாசம், நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னுவது), சாயம், ஷிப்ட், பணம் வரும் நாள் ஆகிய ஆறையும் பார்க்க வேண்டும்.

முதல் வேலை: தொகையை உரித்துப் பாருங்கள்

ரூபாயில் சொல்லப்படும் ஏற்றுமதி எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதை அந்த ஆண்டின் சராசரி டாலர் மதிப்பால் வகுங்கள். ஒரு உண்மைக் கணக்கு இது. 2021-22ல் திருப்பூர் ஏற்றுமதி சுமார் 33,500 கோடி ரூபாய், 2022-23ல் சுமார் 34,350 கோடி. இரண்டரை சதவீத வளர்ச்சி என்று தோன்றும். ஆனால் முதல் ஆண்டில் டாலரின் சராசரி ஏறக்குறைய 74.50 ரூபாய், அடுத்த ஆண்டில் 80.40. வகுத்தால் 450 கோடி டாலர் 427 கோடி டாலராகிறது. ஐந்து சதவீதச் சரிவு! 2022-23ன் முதல் மாதங்களில் நூல் விலை உச்சத்தில் இருந்ததால் பீஸ் விலையும் ஏறியிருந்தது. அப்படியானால் எண்ணிக்கையில் விழுந்தது இன்னும் அதிகமாகத்தான் இருந்திருக்கும். டெய்லருக்கும் செக்கிங் பெண்ணுக்கும் சம்பளம் கொடுப்பது பீஸ் எண்ணிக்கைதான். கோடிக்கணக்கு அவர்களுக்குச் சோறு போடாது.

பீஸ் கணக்கு வேண்டுமென்றால் அமெரிக்க வணிகத்துறையின் ‘ஓடெக்ஸா’ (OTEXA) தளத்துக்குப் போங்கள். எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஆடை இறங்கியது என்று மதிப்பிலும் அளவிலும் மாதாமாதம் இலவசமாகக் கிடைக்கிறது. இந்தியத் தரவில், மாதத்தின் நடுவில் வணிக அமைச்சகம் வெளியிடும் முதல் மதிப்பீட்டில் ஆயத்த ஆடை மொத்தமாக வரும். பின்னலாடையை மட்டும் பார்க்க, சுங்கக் குறியீட்டின் 61ஆம் அத்தியாயத்தை எடுக்க வேண்டும். 62 என்பது நெய்த துணியில் தைத்த ஆடை, திருப்பூருக்கு அதிகம் பொருந்தாது. எதை எடுத்தாலும் போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள், போன வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். திருப்பூர் கோடைக்கால உடை ஊர். டிசம்பர் முதல் மார்ச் வரை உற்பத்தி தானாகவே ஏறும், அதை வளர்ச்சி என்று எண்ணக் கூடாது.

நூல்: ஒன்றாம் தேதி அறிவிப்பு

நூற்பாலைகள் பெரும்பாலும் மாதத்தின் ஒன்றாம் தேதியில் புது விலை அறிவிக்கும். 30ஆம் நம்பர் கோம்டு (குட்டை இழைகளைச் சீவி நீக்கிய) ஹோசியரி நூலின் விலையை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். எல்லா நம்பரும் தேவையில்லை, மற்றவை இதைத் தொட்டே ஏறி இறங்கும்.

விலை எவ்வளவு என்பதை விட எவ்வளவு வேகமாக ஏறியது என்பதே முக்கியம். பையரிடம் (ஆர்டர் தரும் வெளிநாட்டு நிறுவனத்திடம்) பீஸ் விலையை முடித்த பிறகு மூன்று மாதத்துக்கு அதை மாற்ற முடியாது, நடுவில் ஏறும் நூல் முழுக்க முதலாளி தலையில். நடுத்தர அளவு டி-ஷர்ட்டில் ஒரு கிலோ நூலுக்குக் கழிவு போகச் சுமார் நான்கு பீஸ் வரும் என்று வையுங்கள். கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினால் பீஸுக்கு 5 ரூபாய். மூன்றரை டாலர் பீஸில் லாபமே 15, 20 ரூபாயாக இருக்கும்போது, அதில் கால்வாசியோ அதற்கு மேலோ போய்விடுகிறது.

இதையே திருப்பிப் போட்டால் மனதில் வைத்துக்கொள்ள ஒரு அளவுகோல் கிடைக்கும். டாலர் ஒரு ரூபாய் ஏறினால் மூன்றரை டாலர் பீஸுக்குக் கிடைப்பது மூன்றரை ரூபாய். நூல் கிலோவுக்கு 14 ரூபாய் ஏறினால் போவதும் அதே மூன்றரை ரூபாய். ‘டாலர் ஏறிவிட்டது, திருப்பூருக்கு யோகம்’ என்று யாராவது சொன்னால், அதே மாதம் நூல் எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். பையர்களும் டாலரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அடுத்த ஆர்டரில் தள்ளுபடி கேட்டு அந்த யோகத்தில் பாதியை வாங்கிவிடுவார்கள்.

நூலை முன்கூட்டிக் கணிக்கப் பஞ்சைப் பாருங்கள். குஜராத் சங்கர்-6 ரகத்தின் கண்டி விலைதான் அடிப்படை. கண்டி என்பது சுமார் 356 கிலோ. கண்டிக்கு 1,000 ரூபாய் ஏறினால் பஞ்சு கிலோவுக்கு 2.80 ரூபாய். கோம்டு நூலில் கழிவு அதிகம் என்பதால் நூல் கிலோவில் அது நான்கு ரூபாய்க்கு நெருங்கி வரும். 2022 மே மாதம் கண்டி ஒரு லட்சத்தைத் தாண்டியபோது திருப்பூர் இரண்டு நாள் கதவடைத்ததை மறந்துவிடக் கூடாது. பஞ்சு இறக்குமதி வரியும் இதில் சேரும். 2021 பட்ஜெட்டில் வந்த 11 சதவீத வரி, 2022ல் சில மாதமும் 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரையும் விலக்கப்பட்டது. விலக்கு அறிவிப்பு வந்த மறுநாளே நூல் இறங்காது. கப்பல் வந்து, ஆலை நூற்று, விலைப்பட்டியலில் தெரிய இரண்டு மாதமாவது ஆகும்.

வரி: அளவை விட வித்தியாசம்

அமெரிக்கா பருத்தி டி-ஷர்ட்டுக்கு எல்லா நாட்டுக்கும் பொதுவாக வாங்கும் வரி 16.5 சதவீதம். 2025 ஆகஸ்ட் 7ல் இந்தியாவுக்குக் கூடுதலாக 25, ஆகஸ்ட் 27ல் இன்னொரு 25 ஏற்றினார்கள். அன்றைய நிலையில் திருப்பூர் டி-ஷர்ட்டுக்கு 66.5 சதவீதம். வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20 மட்டும், ஆக 36.5. மூன்றரை டாலர் பீஸில் நம்முடையதற்கு வரி 2.33 டாலர், அவர்களுடையதற்கு 1.28. வித்தியாசம் ஒரு டாலருக்கு மேல். பீஸுக்கு 20 ரூபாய் லாபம் பார்க்கும் தொழிலில் 90 ரூபாய்க்கு அருகில் பள்ளம் விழுந்தால் எந்தச் சிக்கனத்தாலும் அதை மூட முடியாது.

இந்த விகிதங்கள் அடிக்கடி மாறுகின்றன. அதனால் எண்ணை மனப்பாடம் செய்யாமல் முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தியா, வங்கதேசம், வியட்நாம், இலங்கை, பாகிஸ்தான் ஐந்துக்கும் அன்றைய மொத்த வரியை எழுதி, இந்தியாவுடையதிலிருந்து மற்ற ஒவ்வொன்றையும் கழியுங்கள். வித்தியாசம் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் திருப்பூர் தாக்குப்பிடிக்கும். பத்தைத் தாண்டினால் சாதா பனியன், பேசிக் டி-ஷர்ட் ஆர்டர்கள் முதலில் போகும். வேலைப்பாடு உள்ள, குறைந்த எண்ணிக்கையிலான ஆர்டர் கொஞ்சம் தங்கும். எல்லோருக்கும் சமமாக வரி ஏறினால் அது நமக்கு மட்டும் விழுந்த அடியில்லை. அமெரிக்கக் கடையில் விலை ஏறும், மொத்த விற்பனை சுருங்கும், ஆனால் ஆர்டர் அடுத்த நாட்டுக்கு ஓடாது.

ஐரோப்பா, பிரிட்டன் பக்கமும் இதே கழித்தல்தான். ஒப்பந்தம் இல்லாதபோது நம் ஆடைக்குப் பத்து சதவீதத்தைத் தொடும் வரி, வங்கதேசத்துக்குச் சுழியம். பிரிட்டனோடு 2025 ஜூலை 24ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் கையெழுத்து நாளையும் ஆர்டர் வரும் நாளையும் குழப்பாதீர்கள். வரி விலக்கு நடைமுறைக்கு வர வேண்டும், பையர் ஆடிட் முடிக்க வேண்டும், சாம்பிள் ஓகே ஆக வேண்டும். நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு சீசன், அதாவது ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான் பவர்டேபிளில் (தையல் பிரிவில்) தெரியும்.

தெருவில் பார்க்க வேண்டியது

சரக்கு போகும் வரிசை: நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி பதப்படுத்துவது), கட்டிங், பவர்டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங். முன்னால் இருப்பது காய்ந்தால் பின்னால் இருப்பது மூன்று நான்கு வாரத்தில் காயும். அதனால் ஊரிலேயே நம்பகமான முன்னறிவிப்பு ஜாப் ஒர்க் நிட்டிங் யூனிட். பத்து மெஷின் உள்ள யூனிட்டில் இரவு ஒன்பது மணிக்கு எத்தனை சுற்றிக்கொண்டிருக்கின்றன என்று கேளுங்கள். ஒரே யூனிட்டை நம்ப வேண்டாம், அவர் பார்ட்டியோடு (வேலை தரும் கம்பெனியோடு) சண்டை போட்டிருக்கலாம். வெவ்வேறு பகுதியில் ஐந்து யூனிட்டைப் பிடியுங்கள். வாய்வார்த்தையை விட அவர்களுடைய மின்கட்டணச் சீட்டில் உள்ள யூனிட் எண்ணிக்கை உண்மை பேசும். ரூபாயைப் பார்க்காதீர்கள், கட்டண உயர்வு அதில் கலந்திருக்கும்.

அடுத்தது சாயப்பட்டறை. நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எல்லாப் பட்டறைகளையும் மூடச் சொன்னதிலிருந்து, சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறையில்தான் ஓட முடியும். அந்தச் சுத்திகரிப்புச் செலவு பட்டறை பாதித் திறனில் ஓடினாலும் பெரிதாகக் குறையாது. தண்ணீரை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கும் அந்த இயந்திரங்களுக்குத் தொடர்ந்து கழிவுநீர் வந்துகொண்டிருக்க வேண்டும், வரத்து குறைந்தால் லிட்டருக்கு ஆகும் செலவு ஏறும். அதனால் வேலை குறையும்போது பட்டறைகள் கூலியைக் குறைத்துப் பார்ட்டி பிடிக்கப் பார்க்கும், அல்லது வாரத்தில் இரண்டு நாள் முழுதாக நிறுத்தும். ‘டையிங்கில் உடனே எடுத்துக்கொள்கிறார்கள், கியூ இல்லை’ என்ற பேச்சு காதில் விழுந்தால் அது நல்ல செய்தி அல்ல. வேலை உள்ள காலத்தில் துணி பட்டறை வாசலில் பத்து நாள் காத்திருக்கும்.

ஷிப்ட் கணக்கு தெரியாமல் திருப்பூரின் வேலைவாய்ப்பை அளக்க முடியாது. காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். இரவு எட்டரை, ஒன்பது வரை ஓடினால் ஒன்றரை. ஆர்டர் குறையும்போது கம்பெனி முதலில் ஆளை நிறுத்தாது, அரை ஷிப்டை நிறுத்தும். வாரம் ஆறு நாளுக்கு ஒன்பது ஷிப்ட் வாங்கிய டெய்லர் ஆறு ஷிப்ட் வாங்குவார். வேலை போகவில்லை, எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. ஆனால் சனிக்கிழமைச் சம்பளக் கவரில் மூன்றில் ஒரு பங்கு இல்லை. வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் குறையாது என்பதால் அந்த மூன்றில் ஒரு பங்கு முழுக்கக் கறிக்கடை, துணிக்கடை, செல்போன் தவணையிலிருந்துதான் கழியும். கடை வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை இரவு விற்பனையைத் தனியாக எழுதி வைத்தால் போதும், வேறு ஆய்வு வேண்டாம். தொடர்ந்து நான்கு சனிக்கிழமை போன வருடத்தை விடக் குறைந்தால் அது தற்செயல் அல்ல.

வடமாநிலத் தொழிலாளர்களின் வரவைப் பார்ப்பதில் ஒரு கண்ணி உண்டு. ஹோலி, சாத் பூஜை, அவர்கள் மாநிலத் தேர்தல் வந்தால் ரயில் நிறையப் போவார்கள். போவதைப் பார்த்துப் பதறக் கூடாது, திரும்புவதை எண்ண வேண்டும். பண்டிகை முடிந்து மூன்று வாரத்தில் தன்பாத்–ஆலப்புழா ரயிலில் கூட்டம் இறங்காமல், லைன் வீடுகளில் டூ-லெட் போர்டு தொங்கினால் அங்கே செய்தி போய்விட்டது என்று அர்த்தம். ‘ஒன்றரை ஷிப்ட் இல்லையென்றால் வராதே’ என்று முன்னால் வந்தவர் போனில் சொல்லிவிடுவார்.

ஊரின் உள்நாட்டு ஆடைச் சந்தையான காதர்பேட்டையையும் விட்டுவிடாதீர்கள். ஏற்றுமதி ஆர்டர் ரத்தானால் அந்தச் சரக்கு மொத்த லாட்டாக அங்கேதான் வரும். வெளிநாட்டு லேபிள் வெட்டிய புத்தம்புது சரக்கு கிலோ கணக்கில் குவிந்தால், ஏதோ ஒரு பையர் கைவிட்டிருக்கிறார். அது உள்நாட்டுப் பனியன் விலையையும் இழுத்துவிடும்.

பணம் வரும் நாள்

ஆர்டர் இருந்தும் ஊர் காயும் காலம் உண்டு. செங்கடல் சிக்கலால் 2023 இறுதியிலிருந்து கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றியபோது பயணம் இரண்டு வாரம் வரை நீண்டது. சரக்கு சேர்ந்த பிறகு நாள் எண்ணிப் பணம் தரும் பையர்களிடம் அந்த இரண்டு வாரமும் நம் பணம் முடங்கியது. சிறு ஏற்றுமதியாளர்களுக்கு மூன்று சதவீத வட்டி மானியம் தந்த திட்டமும் 2024 டிசம்பர் 31ல் முடிந்தது. கம்பெனிக்கு வட்டி ஏறினால் முதலில் தள்ளிப்போவது ஜாப் ஒர்க் பில்தான். நிட்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன் யூனிட் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு பார்ட்டிக்கும் பில் போட்ட நாள், பணம் வந்த நாள் இரண்டையும் எழுதுங்கள். சராசரி 45 நாளிலிருந்து 60 ஆனால் கவனம், 75ஐத் தாண்டினால் அந்தப் பார்ட்டிக்குப் புது வேலை ரொக்கத்துக்கு மட்டும்.

குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தராவிட்டால், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அந்தச் செலவை வருமானவரியில் கழிக்க முடியும் என்ற விதி (1961 வருமானவரிச் சட்டத்தில் 43பி(எச்)) உங்களுக்குச் சாதகமானது. உத்யம் (குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால்தான் அதைச் சொல்லிக் கேட்க முடியும், பில்லில் அந்த எண்ணை அச்சிட்டு வையுங்கள். இந்த விதியால் மார்ச் கடைசியில் பாக்கிகள் மொத்தமாக வசூலாகும். ஏப்ரலில் கையில் பணம் புரள்வதைப் பார்த்து மெஷின் வாங்கிவிடாதீர்கள். அது பழைய வேலைக்கான பணம்.

சேர்த்துப் படிப்பது

ஆறில் நான்கு ஒரே பக்கம் காட்டினால் மட்டும் முடிவெடுங்கள். நூல் நிலையாக, நிட்டிங் இரவிலும் ஓடி, டையிங்கில் கியூ இருந்து, பில் 45 நாளில் வந்தால் மெஷின் வாங்கலாம். அப்போதும் தவணை, ஒரு ஷிப்ட் வேலையில் வரும் வருமானத்துக்குள் அடங்க வேண்டும். ஒன்றரை ஷிப்ட் கணக்கில் தவணை கட்டத் திட்டமிட்டவர்கள்தான் முதல் இறக்கத்திலேயே மெஷினைப் பாதி விலைக்கு விற்கிறார்கள். லைன் வீடு கட்டுகிறவர்கள் மூன்று அறைக்கு ஒரு அறை ஆறு மாதம் காலியாக இருக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஏற்றுமதியும் உள்நாடும் எதிரெதிராகப் போகும் மாதங்களும் வரும். உள்நாட்டுப் பனியனுக்கு வடமாநிலக் குளிர், தீபாவளி, ஜிஎஸ்டி மூன்றும் முக்கியம். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை விலையுள்ள ஆடைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி ஆனது. செயற்கை நாருக்கு 18லிருந்தும் செயற்கை நூலுக்கு 12லிருந்தும் 5 ஆகக் குறைந்தது. இதில் பின்னது நீண்டகாலத்துக்குப் பெரிய விஷயம். உலக நார் நுகர்வில் பருத்தி கால்வாசிக்கும் குறைவு, திருப்பூரோ பருத்தியிலேயே நிற்கிறது. குளிர்கால ஆர்டரும் விளையாட்டு உடையும் பாலியெஸ்டர் இல்லாமல் வராது. உங்களுக்குத் தெரிந்த ஐந்து நிட்டிங் யூனிட்டில் எத்தனை பேர் பாலியெஸ்டர் நூல் ஏற்றியிருக்கிறார்கள் என்பதையும் வருடத்துக்கு ஒருமுறை எண்ணிவையுங்கள்.

நோட்டுக்கு மாதத்தில் இரண்டு நாள் போதும். இரண்டாம் தேதி நூலும் கண்டியும் டாலரும், பதினாறாம் தேதி ஏற்றுமதி மதிப்பீடும் வரி வித்தியாசமும் பில் நாள் சராசரியும். தீபாவளிக்கு முந்தைய வாரமும் பொங்கல் வாரமும் தெருக்கணக்கு எடுக்க வேண்டாம், அந்த நாட்களில் ஊரே வேறு மாதிரி இருக்கும்.